அம்மாயி சொன்ன வருடமும் பாஸ்போர்ட் சொன்ன வருடமும்

பந்தலூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வீட்டுக் கதை ஒன்றையும் அதற்கான ஆதாரங்களையும் சேர்த்து ஐந்து நிமிடக் காணொளி எடுக்கும் வேலையைப் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வழக்கம். முதல் வரைவு பெரும்பாலும் "இயற்கை எழில் கொஞ்சும் நீலகிரி" என்றுதான் ஆரம்பிக்கும். அதை இரக்கமில்லாமல் வெட்டச் சொல்லிவிடுவேன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி தன் அம்மாயியின் பேச்சைப் பதிவு செய்து வந்தாள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். தலைமன்னாரில் கப்பல் ஏறியது, வந்திறங்கியவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம், அரசுத் தேயிலைத் தோட்டமான டான்டீயில் தொழிலாளர்களுக்கான லயன் வீடு என்று அந்த அம்மா தங்குதடையில்லாமல் பேசியிருந்தார். "ஒப்பந்தம் போட்ட வருடமே கிளம்பிவிட்டோம்" என்றும் சொல்லியிருந்தார். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரை இரு நாடுகளும் பகிர்ந்து ஏற்பதற்கான அந்த சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது 1964 அக்டோபரில். பாஸ்போர்ட்டிலோ 1973 முத்திரை.

"அம்மாயி தப்பாகச் சொல்கிறார், வெட்டிவிடட்டுமா டீச்சர்?"

வெட்டாதே, மறுபடி போய்க் கேள் என்றேன். கூடவே படிக்கவும் வைத்தேன். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது என்று முடிவானாலும், அதை நடைமுறைப்படுத்தும் சட்டம் இலங்கையில் வந்தது 1967-இல். திரும்புவோருக்கு வேலை கொடுக்க இங்கே வனத்துறை தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது 1968-இல். மனுப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்துக்கிடந்தவர்கள் ஏராளம்.

இரண்டாவது பதிவில் அம்மாயி சொன்னார்: "ஒப்பந்தம் என்று காதில் விழுந்த நாளிலிருந்து அப்பா கொல்லையில் ஒரு வாழைக்கன்று நடவிடவில்லை. போகப்போகிற இடத்தில் நட்டுக்கொள்ளலாம் என்பார்."

அந்தக் குரல் ஓட, திரையில் முத்திரை குத்திய பக்கத்தை மட்டும் வைத்தாள் மாணவி. விளக்கம் எதுவும் சேர்க்கவில்லை. அந்த வகுப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். ஊட்டி ஃபிலிம் தொழிற்சாலையைப் பற்றி எடுத்த குழுவிடம் தகவல் மூட்டை மூட்டையாக இருந்தது. பேச ஓர் ஆள் இல்லை.

முகத்தைக் காட்டக் கூடாது என்பது அம்மாயியின் நிபந்தனை. ஆகவே பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் கைகளைப் படம்பிடித்துச் சேர்த்திருந்தார்கள். போட்டுக் காட்டியபோது வரலாற்றில் அவர் குறை காணவில்லை. "யார் கை இது? முற்றின இலையை எல்லாம் சேர்த்துப் பறிக்கிறாள். இரண்டு இலை, ஒரு கொழுந்து. கங்காணி பார்த்தால் கூடையைத் தட்டிவிடுவான்" என்றார். மறுநாள் அவர் கையையே எடுத்துச் சேர்த்தோம்.