சின்ன மில்லிங் மெஷினில் எக்ஸ் அச்சில் 18 கோடு ஆட்டம்: நட்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி

வணக்கம். என்னுடையது மேசை மேல் வைத்து கையால் ஓட்டும் சின்ன மில்லிங் மெஷின். டேபிளை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 2 மி.மீ., ஹேண்டில் டயலில் 100 கோடு, ஆக ஒரு கோட்டுக்கு 0.02 மி.மீ. எக்ஸ் அச்சில் திசை மாற்றினால் 18 கோடு சும்மா சுற்றிய பிறகுதான் டேபிள் அசைகிறது. அதாவது 0.36 மி.மீ. பேக்லாஷ்.

போன வாரம் ஓர் அலுமினியத் துண்டின் ஓரத்தைச் சீவும்போது டேபிள் தானாகவே இழுத்துக்கொண்டு போய், 6 மி.மீ. எண்ட் மில் (வெட்டும் கட்டர்) ஒடிந்துவிட்டது. ஜிப்பை (டேபிள் சறுக்கும் தடத்தில் இருக்கும் பட்டையை) இறுக்கிப் பார்த்தேன். ஹேண்டில் கனமானதுதான் மிச்சம், 18 கோடு அப்படியே இருக்கிறது. லீட் ஸ்க்ரூ ஓடும் பித்தளை நட்டைப் புதிதாகப் போட்டால் சரியாகுமா?

பதில் 1

நட்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். ஜிப்பையும் பழைய அளவுக்கே தளர்த்திவிடுங்கள். டேபிள் பக்கவாட்டில் ஆடாமல் பிடிப்பதுதான் அதன் வேலை, பேக்லாஷை அது குறைக்காது.

ஆட்டம் மூன்று இடத்தில் இருக்கலாம்: ஸ்க்ரூவின் முனையைத் தாங்கும் பேரிங்கில், நட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டில், நட்டின் மரைக்கும் ஸ்க்ரூவின் மரைக்கும் நடுவில். பலரும் மூன்றாவதை மட்டுமே சந்தேகப்பட்டு நட் வாங்கிவிடுகிறார்கள். பிரித்துப் பார்க்க ஒரு சின்ன சோதனை போதும். டேபிளை லாக் செய்யுங்கள். டயல் கேஜ் (நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் கருவி) ஸ்டாண்டை டேபிள் மேலேயே வைத்து, கேஜின் நுனி ஸ்க்ரூ முனையின் நட்டநடுவில் படும்படி அமையுங்கள். இப்போது ஹேண்டிலை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்புங்கள். முள் அசைந்தால் ஸ்க்ரூவே பேரிங்குக்குள் முன்னும் பின்னும் போய்வருகிறது என்று அர்த்தம். எவ்வளவு அசைகிறது என்று சொல்லுங்கள்.

கேட்டவர்

பார்த்தேன். 0.22 மி.மீ. காட்டுகிறது! நட்டின் போல்ட்டுகள் இறுக்கமாகத்தான் இருக்கின்றன.

பதில் 1

அப்போது பாதிக்கு மேல் பேரிங்கில்தான். புது நட் போட்டிருந்தாலும் அந்த 0.22 போயிருக்காது.

ஹேண்டிலைக் கழற்றுங்கள். பின்னால் ஒன்றையொன்று பூட்டும் இரண்டு நட்டுகள் இருந்தால், உள் நட்டை ஆட்டம் போகும் வரை மட்டும் இறுக்கி, அதை ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு வெளி நட்டைப் பூட்டுங்கள். சின்ன மெஷின்கள் சிலவற்றில் பேரிங்கே இருக்காது, ஸ்க்ரூவில் இருக்கும் வெறும் காலர் (வளையம்), முனையைத் தாங்கும் பிளாக்கில் உரசிக்கொண்டிருக்கும். அப்படியென்றால் பிளாக்கின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒரு த்ரஸ்ட் பேரிங் (ஸ்க்ரூவின் நீளவாக்கில் வரும் விசையைத் தாங்கும் பேரிங்) போட்டு, மிச்ச இடைவெளியை ஷிம் (மெல்லிய தகடு) வைத்து அடையுங்கள். ஒரு பக்கம் மட்டும் போட்டால் போதாது. ஸ்க்ரூ டேபிளைத் தள்ளவும் செய்கிறது, இழுக்கவும் செய்கிறது.

பதில் 2

மீதி 0.14 மரையில் இருக்கிறது. அதைச் சரிசெய்யும் முன் டேபிளின் நடுவிலும் இரண்டு ஓரத்திலும் தனித்தனியாக அளந்துவிடுங்கள். வேலை பெரும்பாலும் நடுவில் நடப்பதால் ஸ்க்ரூ அங்கேதான் அதிகம் தேயும். நடு இடத்துக்குப் பொருத்தமாக நட்டை இறுக்கினால் ஓரத்துக்குப் போகும்போது சிக்கிக்கொள்ளும். அதனால் ஓரத்தில் தாராளமாகச் சுற்றும் அளவுக்குத்தான் இறுக்க வேண்டும்.

நட்டில் குறுக்கே ஒரு வெட்டும் அதை நெருக்க ஒரு அலன் ஸ்க்ரூவும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் ஹேக்ஸாவால் நட்டின் குறுக்கே முக்கால் ஆழத்துக்கு வெட்டி, நீங்களே ஒரு ஸ்க்ரூ அமைக்கலாம். இறுக்கும்போது நட்டின் ஒரு பாதி மரையின் ஒரு சரிவிலும் மறுபாதி எதிர்ச் சரிவிலும் உட்காரும்.

எண்ட் மில் ஒடிந்த காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். கட்டரின் பல் கடிக்கும் இடத்தில் அது போகும் பக்கமே டேபிளும் போனால், பல் துண்டை இழுக்கும். ஆட்டம் எவ்வளவோ அவ்வளவு தூரம் டேபிள் ஒரே தாவாகத் தாவும். கையால் ஓட்டும் மெஷினில் பல்லுக்கு எதிராகவே டேபிளைத் தள்ளுங்கள். வேலை நடக்காத அச்சை எப்போதும் லாக் செய்துவிடுங்கள்.

கேட்டவர்

இரண்டு நாள் ஆனது. காலர்தான் இருந்தது, இரண்டு பக்கமும் த்ரஸ்ட் பேரிங் போட்டேன், 0.22 இருந்த இடத்தில் இப்போது 0.02. மரையில் நடுவில் 0.14, ஓரத்தில் 0.06 இருந்தது. வெட்டு ஏற்கெனவே இருந்ததால் நெருக்கினேன், நடுவில் 0.10, ஓரத்தில் 0.02. மொத்தத்தில் நடுவில் 6 கோடு, ஓரத்தில் 2 கோடு. மனம் நிறைந்த நன்றி. டிஜிட்டல் ஸ்கேல் மாட்டினால் மீதியும் போய்விடுமா?

பதில் 2

அளவெடுப்பதில் போய்விடும். ஸ்கேல் டேபிள் இருக்கும் இடத்தையே காட்டுவதால் ஸ்க்ரூவின் ஆட்டம் கணக்கில் வராது. ஆனால் அது டேபிளைப் பிடித்து வைக்காது, கட்டர் இழுத்தால் அந்த 6 கோடும் நகரும். ஸ்கேல் மாட்டும் வரை, அளவுக்கு எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து வாருங்கள். தாண்டிவிட்டால் அரைச் சுற்று பின்னால் போய்விட்டுத் திரும்ப வர வேண்டும்.