கோபகபானா மணலில் முதல் உலகப் போட்டி: பார்த்தவர்கள் எழுதுங்கள்

முன்னாள் கப்பல் ஊழியர்:
1995-இல் சரக்குக் கப்பலில் என்ஜின் பிரிவில் இருந்தேன். பிரேசிலின் ரியோ துறைமுகத்தில் சரக்கு இறங்கத் தாமதமானது. அந்த நேரத்தில்தான் கோபகபானா கடற்கரையில் கடற்கரைக் கால்பந்தின் முதல் உலகச் சாம்பியன்ஷிப் நடந்துகொண்டிருந்தது. மொத்தம் எட்டு நாடுகள். பிரேசில் ஆடிய ஓர் ஆட்டத்துக்குப் போய்விட்டோம்.

நான் போனது பிரேசிலின் பழைய நட்சத்திர வீரர் ஜீக்கோவுக்காக மட்டுமே. 1986 உலகக் கோப்பையில் பிரான்ஸுக்கு எதிராக அவர் பெனால்டியைத் தவறவிட்டபோது சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தவன் நான். இப்போது 41 வயதில், வெறுங்காலோடு, கைக்கெட்டும் தூரத்தில்! அருகில் அவருடைய பழைய பிரேசில் அணித் தோழர் ஜூனியர். ஓய்வுபெற்றவர்களின் வேடிக்கை ஆட்டம் என்றே நினைத்துப் போனேன். முதல் சில நிமிடங்களிலேயே அந்த நினைப்பு மாறியது. மணலில் பந்து உருளாது. குழியில் சிக்கும், திசை மாறும். அதனால் தரையோடு பாஸ் கொடுப்பதில் பயனில்லை. கால்விரலால் பந்தைக் கிளப்பி, கீழே விழுமுன் அடுத்தவருக்குத் தட்டிவிட வேண்டும். ஓட்டம் குறைந்த வயதில் ஜீக்கோவுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் இருந்திருக்க முடியாது. இத்தாலியின் அல்டோபெல்லியும் அவரும் தலா 12 கோல் போட்டு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். அல்டோபெல்லி 1982 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர்.

பிரேசில் அமெரிக்காவை 8–1 என்று வென்ற இறுதி ஆட்டம் எனக்குக் கிடைக்கவில்லை, கப்பல் புறப்பட்டுவிட்டது. இங்கிலாந்து மூன்றாம் இடம்.

பாரிஸ் வாசி:
அண்ணா, நீங்கள் கொடுத்து வைத்தவர். ஆனால் முதல் உலகக் கோப்பை 2005-இல் நடந்தது என்றுதான் இங்கே எல்லோரும் சொல்வார்கள். உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா நடத்திய முதல் போட்டி அது, அதே கோபகபானாவில். பிரான்ஸ் அணியின் பயிற்சியாளர், முன்னாள் கால்பந்து நட்சத்திரம் எரிக் கன்டோனா. இறுதி ஆட்டம் போர்த்துகலோடு 3–3. பெனால்டியில் பிரான்ஸ் வென்றது. வீட்டில் நாங்கள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். பிரேசில் சொந்த மண்ணிலேயே மூன்றாமிடத்துக்குப் போனதை இன்னும் நம்ப முடியவில்லை.

முன்னாள் கப்பல் ஊழியர்:
தம்பி, ஃபிஃபாவின் முத்திரை விழுந்த ஆண்டு அது, அவ்வளவுதான். அதற்கு முன்பே 1995 முதல் 2004 வரை ஆண்டுக்கு ஒன்றாகப் பத்துப் போட்டிகள் நடந்து முடிந்துவிட்டன. ஒன்பதில் பிரேசில்தான் சாம்பியன். அவற்றை ஒத்திகை என்று தள்ளிவிட நான் சம்மதிக்க மாட்டேன். 2005-இல் 12 கோல் அடித்த போர்த்துகல் வீரர் மாஜேரைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லையே! 2001-இல் பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் போர்த்துகல் கோப்பையைத் தட்டிச் சென்றதை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் அதையும் எழுதுங்கள்.