ரெட்டிகுலோசைட்டோபீனியா: தமிழில் எப்படிச் சொல்ல?

வணக்கம். பாளையங்கோட்டையில் செவிலியர் மாணவிகளுக்காக இரத்தவியல் கையேடு எழுதுகிறேன். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. ரெட்டிகுலோசைட்டோபீனியாவுக்கு மட்டும் சொல் அமையவில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து புதிதாக வரும், இன்னும் முற்றாத சிவப்பணுக்கள் இரத்தத்தில் குறைந்துபோகும் நிலை அது. பெரியவர்களுக்கு நூறு சிவப்பணுக்களில் 0.5 முதல் 2.5 வரை இவை இருக்க வேண்டும். ‘முதிராச் சிவப்பணுக் குறைவு’ சரிவருமா?

———

டீச்சர், ‘முதிரா’ என்று எதிர்மறையில் ஏன் சொல்ல வேண்டும்? மாவுக்கு வடு, வாழைக்குக் கச்சல், பனைக்குக் குரும்பை என்று பிஞ்சுக்கே தனித்தனிப் பெயர் வைத்தவர்கள் நாம். தொல்காப்பியர் மரபியலைத் தொடங்குவதே பார்ப்பு, பறழ், குட்டி, குருளை என்று இளமைப் பெயர்களோடுதான். ‘பீனியா’ கிரேக்கத்தில் வறுமை. வள்ளுவர் அதற்கு நல்குரவு என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ‘குருத்தணு நல்குரவு’ என்பேன். குருத்து நின்றுபோன பனை பட்டுவிடும். மஜ்ஜையும் அப்படித்தானே?

———

அண்ணாச்சி, பனை உவமை மனசில் நிற்கிறது. ஆனால் குருத்தணு என்ற பெயர் ஏற்கெனவே, மற்ற அணுக்களை உண்டாக்கும் மூல அணுவான ஸ்டெம் செல்லுக்குப் போய்விட்டது. நல்குரவைத் தேர்வுத்தாளில் யார் எழுதுவார்கள்? டீச்சர், உங்கள் ‘முதிரா’விலும் சிக்கல் உண்டு. உட்கரு உள்ள முந்தைய நிலை அணுக்களும் முதிராதவைதாம். இது உட்கருவை இழந்தபின் வரும் நிலை. நியூ மெத்திலீன் புளூ சாயம் சேர்த்து நுண்ணோக்கியில் பார்த்தால், மிச்சமிருக்கும் ஆர்.என்.ஏ. நீல வலைபோலத் தெரியும். பெயரே அந்த வலையால் வந்தது. ‘வலையணுக் குறைவு’ போதும். டெங்குக் காய்ச்சலில் பிளேட்லெட்டுக்குத் ‘தட்டணு’ பழகவில்லையா?

———

சரி, ஆய்வகத்துக்கு வலையணு பொருந்துகிறது. சோகை பிடித்த பிள்ளையின் அம்மாவுக்கு வலை என்றால் என்ன விளங்கும்? இரத்தக்கசிவால் வந்த சோகையில் மஜ்ஜை ஈடுகொடுத்தால் இந்த எண்ணிக்கை கூடும். பார்வோ வைரஸ் பி19 தாக்கி மஜ்ஜை முடங்கினால் குறையும். அந்த வித்தியாசம் அவளுக்குத் தெரிய வேண்டும். ‘புது ரத்தம் ஊறவில்லை’ என்று சொல்லும்படி மாணவிகளிடம் கூறியிருக்கிறேன். கையேட்டில் வலையணுக் குறைவு என்றே போடுகிறேன். மூன்று பேர் தனிமடலிலும் அதையே கேட்டார்கள்.

———

டீச்சர், ஊறுவது! அதுதான் சொல். தாமிரபரணி மணலைத் தோண்டினால் ஊறுகிறதே, அதே வினை. ரத்தம் ஊறுகிறது என்று ஊரே சொல்லும்போது வலையை ஏன் வீச வேண்டும்? ‘ஊறணுக் குறைவு.’ அச்சு நிற்க வேண்டாம், வலையணுவே போகட்டும். ஆனால் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அடுத்த பதிப்புக்கு முன் மறுபடி எழுதுவேன்.