பிளாக்மோர் போனதும் டீப் பர்ப்பிள் முடிந்ததாம்!

நொய்யல்_டிரம்ஸ்:
நேற்று ராத்திரி இங்கே ஒரு பெரியவர் டீப் பர்ப்பிள் என்ற இங்கிலாந்து ராக் பேண்டைப் பற்றி எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. "1993-ல் கிதார்க்காரர் ரிச்சி பிளாக்மோர் வெளியேறியதோடு டீப் பர்ப்பிள் முடிந்தது, இப்போது அந்தப் பெயரில் சுற்றுவது பழைய பாட்டு வாசிக்கிற கும்பல்" என்கிறார். ஏனுங்க, இயன் பெய்ஸ் யாருங்க? 1968-ல் முதல் ஆல்பத்தில் டிரம்ஸ் அவர். 2024-ல் வந்த ஆல்பத்திலும் அவர். எத்தனை முறை ஆள் மாறினாலும் எல்லா வரிசையிலும் இருந்த ஒரே மனிதர். இயன் கில்லன் இன்னும் பாடுகிறார், ராஜர் குளோவர் பேஸ் வாசிக்கிறார். ஐந்தில் மூன்று பேர் 1972-ல் 'மெஷின் ஹெட்' ஆல்பம் போட்ட ஆட்கள். இது கும்பல் என்றால் எதுதான் பேண்ட்?

பழைய_பொள்ளாச்சி:
அந்தப் பெரியவர் நான்தான் தம்பி. பெயர் சொல்லியே திட்டலாம். டீப் பர்ப்பிள் என்ற பெயரைக் கொண்டுவந்தவரே பிளாக்மோர். அவருடைய பாட்டிக்குப் பிடித்த பழைய பாட்டின் பெயர் அது. அதுவரை ரவுண்டபவுட் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாட்டி பிளாக்மோருடைய பாட்டி. பெய்ஸுடைய பாட்டி அல்ல. இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசுங்கள்.

நொய்யல்_டிரம்ஸ்:
காதுகுத்துக்கு வந்து பெயர் வைத்த மாமன், போகும்போது பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போவாரா? 1975-ல் ரெயின்போ என்ற சொந்த பேண்ட் ஆரம்பிக்கத் தானாக எழுந்து போனவர் பிளாக்மோர். அந்த முதல் ஆல்பத்தின் தலைப்பிலேயே தன் பெயரைப் போட்டுக்கொண்டார். இங்கே அவர் இடத்தில் கிதாருக்கு டாமி போலின் வந்தார், ஆல்பம் வந்தது, பெயர் அதேதான். அப்போது பாட்டி எங்கே போயிருந்தார்?

பழைய_பொள்ளாச்சி:
ஆல்பம் வந்தது, சரி. அடுத்த வருடமே, 1976-ல், பேண்ட் கலைந்தது. அதைச் சொல்ல மறந்துவிட்டீர்கள். உங்கள் பெய்ஸ் என்ன செய்தார்? 1979-ல் ஒயிட்ஸ்நேக் என்ற வேறு பேண்டில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்து கிதார்க்காரர் கேரி மூரிடம். காவல் காத்தாராம் காவல்! 1984-ல் பிளாக்மோர் திரும்பி வந்த பிறகுதான் 'பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' ஆல்பம் வந்தது. அவர் இல்லாமல் மற்ற நான்கு பேரும் சேர்ந்து அந்த எட்டு வருடத்தில் ஒரு டீப் பர்ப்பிள் போட்டார்களா? ஏன் போடவில்லை? பாட்டி.

ஈரோட்டு_ஆர்கன்:
இரண்டு பேரும் ஜான் லார்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் ஆம்ப்ளிஃபயரில் மாட்டி கிதாருக்குச் சமமாக உறும வைத்தவர். 1969-லேயே ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஆர்க்கெஸ்ட்ராவோடு பேண்டை உட்கார வைத்தவர். அவர் 2002-ல் விலகினார், 2012-ல் காலமானார். என்னைக் கேட்டால் பேண்ட் 2002-ல் முடிந்தது. யாரும் கேட்க மாட்டீர்கள், தெரியும்.

கோபி_வாய்க்கால்:
அண்ணா, ஒரு சந்தேகம். சட்டப்படி பெயர் யாருடையது என்று பேசுகிறோமா, மனசுக்கு எது டீப் பர்ப்பிள் என்று பேசுகிறோமா? இதை முதலில் முடிவு செய்துகொண்டால் நல்லது.

பழைய_பொள்ளாச்சி:
பெயர் வைத்தவர் பிளாக்மோர். இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது?

சூலூர்_சுதி:
சட்டம் என்றால் 1980 இருக்கிறதே. முதல் பாடகர் ராட் எவன்ஸ், 1968-ல் 'ஹஷ்' பாடி அமெரிக்காவில் நான்காம் இடம் வரை கொண்டுபோனவர், ஒரு பழைய ஆள்கூட இல்லாமல் புது ஆட்களைச் சேர்த்துக்கொண்டு டீப் பர்ப்பிள் என்றே மெக்சிகோ, அமெரிக்கா, கனடா என்று கச்சேரி செய்தார். டிக்கெட் வாங்கிய ஜனம் பிளாக்மோரும் லார்டும் வருவார்கள் என்று நின்றது. வழக்கு வந்தது. 6,72,000 டாலர் இழப்பீடு கட்டச் சொன்னார்கள், பழைய பாட்டுகளுக்கு வந்துகொண்டிருந்த ராயல்டியும் போனது. மனிதர் அதற்கப்புறம் மேடைப் பக்கமே வரவில்லை.

பழைய_பொள்ளாச்சி:
நன்றி கண்ணு. ஆரம்பத்தில் இருந்த ஒரே ஒருவர் போதாது என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. இப்போது 1968 ஆள் எத்தனை பேர்? பெய்ஸ் ஒருவர். கில்லனும் குளோவரும் 1969-ல் வந்தவர்கள். கணக்கு முடிந்தது.

நொய்யல்_டிரம்ஸ்:
என்ன கணக்குங்க இது! வழக்குப் போட்டது யார்? பேண்டின் பெயரைக் கையில் வைத்திருந்த நிர்வாகம். பாட்டியா போய் வழக்குப் போட்டார்? எவன்ஸ் 1969-லேயே மாற்றப்பட்டவர். பெய்ஸ் யாராலும் மாற்றப்படாதவர். இரண்டும் ஒன்றா? இன்னொரு கணக்கும் போடுங்கள். பிளாக்மோர் இருந்தது இரண்டு தவணையும் சேர்த்து சுமார் 16 வருடம். அவர் இடத்தில் கிதார் வாசித்த ஸ்டீவ் மோர்ஸ் 1994 முதல் 2022 வரை, 28 வருடம். மனைவியின் உடல்நிலைக்காக விலகினார், சண்டை போட்டுக்கொண்டு அல்ல.

பழைய_பொள்ளாச்சி:
28 வருடம் வாசித்த மோர்ஸை 2016-ல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் (ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் அமெரிக்க அமைப்பு) சேர்த்ததா? இல்லை. சேர்த்த எட்டுப் பேரில் பிளாக்மோர் உண்டு. நீங்கள் போலி என்று தள்ளும் ராட் எவன்ஸும் உண்டு!

நொய்யல்_டிரம்ஸ்:
எவன்ஸைப் போலி என்று சொன்னது சுதி. நான் அல்ல.

சூலூர்_சுதி:
நானும் சொல்லவில்லை. நடந்ததை எழுதினேன். படித்துவிட்டுச் சண்டை போடுங்களேன்.

ஈரோட்டு_ஆர்கன்:
அதே முதல் வரிசையில் பேஸ் வாசித்த நிக் சிம்பரைச் சேர்க்கவில்லை. மூன்று ஆல்பம் வாசித்தவர். அந்தப் பட்டியலை வேதமாகக் காட்ட வேண்டாம். ஜான் லார்டையே இறந்து நான்கு வருடம் கழித்துத்தான் சேர்த்தார்கள். யாருக்காவது அதில் வருத்தம் உண்டா?

பழைய_பொள்ளாச்சி:
பிளாக்மோர் அந்த விழாவுக்கே போகவில்லை. அதுதான் மனுஷன்.

நொய்யல்_டிரம்ஸ்:
போகாததற்கும் பெருமையா? 1993 நவம்பரில் பர்மிங்காமில் முதல் பாட்டுக்கு மேடைக்கே வராமல் நின்றார், வந்ததும் கேமராக்காரர் மேல் தண்ணீரை ஊற்றினார். அதுவும் மனுஷன்தானா? சுற்றுப்பயணம் பாதியில் இருக்கும்போதே விட்டுப் போனார். ஜப்பானில் டிக்கெட் விற்றாகிவிட்டது, கிதாருக்கு ஜோ சாட்ரியானி வந்து காப்பாற்றினார்.

சேலத்து_சப்தம்:
நம் கொங்கு நாட்டுக்காரர்கள் இவ்வளவு விவரமாகப் பேசுவது பெருமையாக இருக்கிறது. நடுநிலையாகச் சொன்னால் 1990-ஐ யாரும் தொடவில்லை. கில்லனை எடுத்துவிட்டு, ரெயின்போவில் பாடிய ஜோ லின் டர்னரை வைத்து ஓர் ஆல்பம். பிளாக்மோர் இருந்தார், லார்ட் இருந்தார், பெய்ஸ் இருந்தார். ஆனாலும் கேட்டால் பாதி ரெயின்போ.

பழைய_பொள்ளாச்சி:
சேலம் எப்போதிலிருந்து கொங்கு?

சேலத்து_சப்தம்:
எப்போதிலிருந்து இல்லை என்று சொல்லுங்கள். சங்ககிரி எங்கே இருக்கிறது? மேட்டூர் எங்கே இருக்கிறது? பொள்ளாச்சிக்காரர் வந்து எனக்குப் பட்டா எழுதித் தர வேண்டியதில்லை.

கோபி_வாய்க்கால்:
அண்ணா, சட்டமா மனசா என்று கேட்டிருந்தேன்...

ஈரோட்டு_ஆர்கன்:
சேலத்துக்காரர் சொன்ன ஆல்பத்தில் ஆர்கன் மோசமில்லை. எல்லைத் தகராறை வேறு திரியில் வையுங்கள்.

பழைய_பொள்ளாச்சி:
1990-ல் கில்லன் இல்லாமலே அந்தப் பெயர் நடந்தது. 1974-ல் பாடக் கவர்டேலும் பேஸுக்கு ஹியூஸும் வந்து 'பர்ன்' போட்டபோதும் கில்லன் இல்லை, குளோவர் இல்லை. ஆக, அவர்கள் இல்லாமலும் டீப் பர்ப்பிள் டீப் பர்ப்பிள்தான். பிளாக்மோர் இல்லாமல் 1975-ல் ஆடியது ஒரே வருடம். இதற்கு மேல் என்ன வேண்டும்?

நொய்யல்_டிரம்ஸ்:
அதே 1990-லும் 1974-லும் டிரம்ஸ் யாருங்க? சொல்லுங்க, யாரு? பிளாக்மோர் இல்லாமல் 1994-லிருந்து இன்றுவரை நடக்கிறதே, அது எத்தனை வருடம்? எண்ணிச் சொல்லுங்க.

பழைய_பொள்ளாச்சி:
எனக்கு எண்ணச் சொல்லித் தருகிறீர்கள். ஆர்.எஸ்.புரத்தில் காலி கேசட் வாங்கிக் கொடுத்து 'மேட் இன் ஜப்பான்' பதிவு செய்து வந்தேன். கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிப் போனது யார் என்று எல்லோருக்கும் சொல்லட்டுமா? அந்த ஆல்பத்தில் கிதார் யார் என்று இன்னும் காதில் விழவில்லை போலிருக்கிறது.

நொய்யல்_டிரம்ஸ்:
விழுந்தது. அதில் 'த மியூல்' பாட்டில் டிரம்ஸ் சோலோ எவ்வளவு நேரம் போகிறது என்பதும் விழுந்தது. கேசட்டில் பாதியில் நாடா சிக்கியிருந்தது, கொடுக்கும்போதே அப்படித்தான் கொடுத்தீர்கள்.

பழைய_பொள்ளாச்சி:
பொய். நாடா நன்றாக இருந்தது.

சூலூர்_சுதி:
ஸ்டீவ் மோர்ஸ் இடத்தில் இப்போது வாசிக்கும் சைமன் மெக்பிரைடை இங்கே யாராவது ஒரு பாட்டாவது கேட்டீர்களா?

பழைய_பொள்ளாச்சி:
கேட்க வேண்டிய அவசியம் இல்லை. பெயர் வைத்தது பிளாக்மோர்.

சேலத்து_சப்தம்:
மேட்டூருக்கு இன்னும் பதில் வரவில்லை.