கோத்தகிரி குளிரில் வைத்து ஓட்ட எந்தக் கணினி? எம்4 மினியா, என்100 பெட்டியா, பழைய ஐ5-ஏ போதுமா?

கட்டபெட்டு காற்று எழுதியது:

வணக்கம் மக்களே. கோத்தகிரி பக்கம் கட்டபெட்டில் இருந்து எழுதுகிறேன். வீட்டில் இருப்பது ஆறாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்துவிட்டது. 11 போடலாம் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் சில்லுகளில் பெரும்பாலானவற்றை மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேறு கேட்கிறது. இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை, நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது, அதுதான் மனசு கேட்கவில்லை.

கொஞ்ச நாளாகப் புதுசுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். சித்தப்பா பையன் குன்னூரில் ஆப்பிளின் எம்4 மேக் மினி வாங்கினான், ஒரு வார இறுதி முழுக்க அதில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முதலில் பிடித்தது அதன் அமைதி. விஸ்பர் போட்டு ஒரு மணி நேரத் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கச் சொன்னேன், கால் மணி நேரம்கூட ஆகவில்லை, பெட்டியைத் தொட்டால் லேசான வெதுவெதுப்பு, அவ்வளவுதான். எழுத்தும் பரவாயில்லை, மேடைப் பேச்சு மாதிரி தெளிவாக இருந்தால் அருமையாக வருகிறது, திண்ணைப் பேச்சு என்றால் திருத்த வேண்டியிருக்கிறது. கோத்தகிரி பஜாரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் என்100 சில்லு போட்ட சின்னப் பெட்டி வைத்திருக்கிறார்கள், உள்ளங்கை அகலம், சில்லின் மின்செலவுக் கணக்கு 6 வாட்தான், பிரவுசரும் லிப்ரே ஆபீஸும் தங்கமாக ஓடுகின்றன. ஆனால் அதிலேயே மொழி மாதிரி (சாட்ஜிபிடி போலப் பதில் எழுதும் ஏஐ) ஒன்றை இறக்கி ஓட்டிப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருக்க வேண்டும். கோவையில் ஒரு கடையில் ஸ்னாப்டிராகன் எக்ஸ் எலைட் மடிக்கணினியையும் பார்த்தேன். 45 டாப்ஸ் என்பியு என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். என்பியு என்பது ஏஐ வேலைக்கான தனிப் பகுதி, ஒரு டாப்ஸ் என்றால் நொடிக்கு லட்சம் கோடி கணக்கு. அந்த என்பியு தமிழ் வேலைக்கு என்ன செய்யும் என்று கேட்டால் கடைக்காரருக்குச் சொல்லத் தெரியவில்லை.

என் வேலை இதுதான்: அப்பாவின் தேயிலைப் பச்சை இலைக் கணக்கு டேலி என்ற கணக்கு மென்பொருளில் இருக்கிறது. தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் நிறைய தட்டச்சு செய்வேன். பாமினி எழுத்துருவில் கிடக்கும் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். அப்புறம் எனக்கு ரொம்ப முக்கியமானது, எங்கள் ஹட்டிப் (படகர் ஊர்) பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்து எழுத்தாக்குவது, பாதி எங்கள் படகா மொழி, பாதி தமிழ். மழைக்காலத்தில் இணையத்தை நம்ப முடியாது, அதனால் எல்லாம் வீட்டிலேயே ஓட வேண்டும். கையில் 70,000. மானிட்டரும் கீபோர்டும் இருக்கின்றன. என்ன வாங்கலாம்?

நாயுடுபுரம் எழுதியது:

நண்பரே, கொடைக்கானலில் இருந்து. முதலில் அந்த ஐ5-ஐத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்புப் புதுப்பிப்பு 2026 அக்டோபர் 13 வரை உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் உங்கள் அமைப்புகளைச் சேமிக்க ஒப்புக்கொண்டால் காசு கட்ட வேண்டியதில்லை. அதற்கப்புறம் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போடுங்கள். அதன் 22 வரிசை உபுண்டு 24.04 மேல் கட்டியது, 2029 வரை ஆதரவு. நான் இங்கே பழைய இயந்திரங்களில் அதைத்தான் போட்டுக் கொடுக்கிறேன். ஹார்டு டிஸ்க் இருந்தால் எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி மாட்டினால் போதும், வேறு கணினியோ என்று கேட்பார்கள்.

தமிழ்99-க்கு ஐபஸ் எம்17என் நிறுவினால் தட்டச்சு அப்படியே கிடைக்கும், நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துரு திரையில் கண்ணை உறுத்தாது. ஒரு நல்ல இயந்திரத்தை ஒரு நிறுவனத்தின் பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக மூலையில் வைப்பது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது. நம் ஊர்ப் பள்ளிகளிலும் சின்னக் கடைகளிலும் இப்படி எத்தனை இயந்திரங்கள் கிடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள்.

டேலி மட்டும்தான் சிக்கல். அது விண்டோஸுக்கானது. லினக்ஸில் சுற்றி வளைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள், கணக்கு விஷயத்தில் நான் அதைச் சொல்ல மாட்டேன்.

தேவாலா மழை எழுதியது:

தம்பி, எல்லாரும் வேகத்தையே பேசுகிறீர்கள், நான் ஈரத்தைப் பற்றிச் சொல்கிறேன். கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவத்தில் துணியே காயாது, கணினி எங்கே காயும். ஆப்பிள் தன் கணினிகளுக்குக் கொடுக்கும் அளவைப் பாருங்கள்: 10 முதல் 35 டிகிரி வரை, ஈரப்பதம் 90 சதவீதம் வரை, ஆனால் நீர்த்துளி படியக்கூடாது. மற்ற நிறுவனங்களின் அளவுகளும் ஏறக்குறைய இப்படித்தான். உயரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், பெரும்பாலும் 3,000 மீட்டர் வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள், தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். நமக்கு வினை அந்த நீர்த்துளியும் ஜனவரிக் குளிரும். விடிகாலையில் 5 டிகிரியில் கிடந்த பெட்டியை அடுப்பு எரிகிற அறைக்குக் கொண்டுவந்து உடனே போட்டால் உள்ளே பனி படிந்திருக்கும். அரை மணி நேரமாவது அறைச் சூட்டுக்கு வரவிட்டு அப்புறம் போடுங்கள். மடிக்கணினி என்றால் 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடவே கூடாது, லித்தியம் பேட்டரிக்குள் உலோகம் படிந்து கெட்டுவிடும்.

தினமும் கொஞ்ச நேரமாவது ஓடுகிற கணினி தன் சூட்டிலேயே காய்ந்துகொள்ளும். மாதக்கணக்கில் மூடி வைத்ததுதான் பச்சை பிடித்து, ராம் காலில் கறை ஏறி, ஒரு நாள் எழுந்திருக்காது. ராமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டினால் உயிர் வரும், அதுவும் கழற்ற முடிகிற ராம் என்றால்தான். மேக் மினியில் ராம் சில்லோடு சேர்ந்தே வருகிறது என்பதை மறக்க வேண்டாம்.

மின்சாரம்: மேக் மினி சும்மா இருக்கும்போது 4 வாட், முழுமூச்சில் 65 வாட் என்று ஆப்பிளே சொல்கிறது. வீட்டு இன்வெர்ட்டரில் 12 வோல்ட் 150 ஆம்பியர் மணி பேட்டரி இருந்தால் தாளில் 1,800 வாட் மணி. மானிட்டர் 20 வாட் என்று வைத்தாலும் மரம் விழுந்து கரண்ட் போன ஒரு பகல் முழுக்க வேலை ஓடும். பழைய ஐ5 டெஸ்க்டாப்பில் அவ்வளவு நேரம் வராது. அப்புறம் எர்த். பாறை நிலத்தில் எர்த் சரியாக இறங்காது, எலக்ட்ரீஷியனை வைத்து அளந்து பாருங்கள். ஏப்ரல் மே இடியில் போவது கணினியின் பவர் சப்ளைதான்.

குன்னூர் டெர்மினல் எழுதியது:

அண்ணா, என்பியு கேள்விக்குப் பதில். 40 டாப்ஸ், 16 ஜிபி ராம், 256 ஜிபி சேமிப்பு, இவை கோபைலட்+ பிசி என்று பெயர் வைக்க மைக்ரோசாஃப்ட் 2024-இல் போட்ட நிபந்தனை. விண்டோஸின் சில வசதிகள் அந்த என்பியுவில் ஓடுகின்றன. ஆனால் மொழி மாதிரிகளை வீட்டிலேயே ஓட்ட நாம் இறக்குகிற ஒல்லாமா, லாமா.சிபிபி போன்ற மென்பொருள்கள் பெரும்பாலும் சிபியுவையும் ஜிபியுவையும்தான் பிடிக்கின்றன. அந்த எண்ணைப் பார்த்து இன்றைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

மொழி மாதிரிக்கு உண்மையான தடை நினைவகத்தின் வேகம். ஒவ்வொரு துண்டுச் சொல்லை உமிழும்போதும் மாதிரி முழுவதையும் ஒருமுறை படிக்க வேண்டும். கூகுளின் ஜெம்மா 3-இல் 4பி (சுமார் 400 கோடி எண்கள் கொண்ட) மாதிரியைச் சுருக்கினால் சுமார் 3 ஜிபி. என்100-இல் ஒற்றை வரிசை டிடிஆர்5, நொடிக்கு 38 ஜிபி, ஆக எவ்வளவு முட்டினாலும் நொடிக்கு 12 துண்டுதான். எம்4-இல் நொடிக்கு 120 ஜிபி, 40 துண்டு வரை போகலாம். தமிழில் ஒரு சொல்லே பல துண்டாக உடைகிறது, அதனால்தான் ஜெராக்ஸ் கடைப் பெட்டியில் ஆங்கிலத்தைவிடத் தமிழ் இன்னும் மெதுவாக வந்திருக்கும். 12பி மாதிரி 8 ஜிபி அளவு, 16 ஜிபி மினியில் மற்றதையெல்லாம் மூடிவிட்டால் ஓடும். தமிழில் 4பி-க்கும் 12பி-க்கும் இடையே நல்ல தூரம் இருக்கிறது, 4பி அழகாக எழுதிக்கொண்டே தப்பாகச் சொல்லும்.

படகா பற்றித்தான் எனக்குக் கவலை. விஸ்பரின் மொழிப் பட்டியலில் தமிழும் கன்னடமும் உண்டு, படகா கிடையாது. தமிழ் என்று சொல்லிக் கொடுத்தால் தனக்குத் தெரிந்த தமிழ்ச் சொல்லாக்கி எழுதிவிடும், படிக்க ஒழுங்காகவே இருக்கும், பெரியவர் சொன்னது அதுவாக இருக்காது. அந்தப் பகுதிகளைக் கையால்தான் எழுத வேண்டும். ஈலான் என்று ஒரு இலவச மென்பொருள், நெதர்லாந்தில் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் செய்தது, ஒலியை வாக்கியம் வாக்கியமாக வெட்டி அடியிலேயே எழுதலாம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். படகா ஒரு வரி, தமிழ் பொருள் ஒரு வரி என்று வையுங்கள். பதிவை எம்பி3 ஆக்காமல் வேவ் கோப்பாகவே சேமியுங்கள், நாளைக்கு யாராவது படகாவுக்கு ஒரு மாதிரி பயிற்றுவித்தால் உங்கள் கோப்புதான் கைகொடுக்கும்.

கட்டபெட்டு காற்று எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 2024-இல் 59,900-க்கு வெளிவந்த 16 ஜிபி மேக் மினி, காசு மிஞ்சினால் ஒரு வெளி எஸ்எஸ்டி என்று மனசு போகிறது. ஐ5 டேலிக்காக மட்டும் இருக்கட்டும். ராம் விலை ஏறிக்கொண்டே போவதால் தள்ளிப்போடவும் பயமாக இருக்கிறது. தேவாலா அக்கா சொன்ன எர்த் வேலையை முதலில் பார்க்கிறேன். மேக்கில் தமிழ்99 எப்படி? பாமினிக் கோப்புகள்?

நாயுடுபுரம் எழுதியது:

மேக்கில் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது, சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, இன்புட் சோர்ஸ், தமிழ் என்று போனால் அஞ்சலும் தமிழ்99-ம் வரிசையாக நிற்கும். பாமினிக்கு இலவச மாற்றிகள் உண்டு. ஆனால் கோப்பில் ஆங்கிலம் கலந்திருந்தால் அதையும் தமிழெழுத்தாக மாற்றிவிடும், பாமினியில் ஆங்கில எழுத்தின் இடத்தில்தானே தமிழ் உட்கார்ந்திருக்கிறது. அதனால் லிப்ரே ஆபீஸில் எழுத்துருவை வைத்துத் தேடி, பாமினிப் பகுதிகளை மட்டும் எடுத்து மாற்றுங்கள். மூலக் கோப்புகளை அழிக்க வேண்டாம், அந்த ஐ5-இலேயே ஒரு பிரதி கிடக்கட்டும்.