எது அசல் ப்ளூஸ்? கேட்டவர்களும் பார்த்தவர்களும் சொல்லுங்கள்

ரயிலடி

ப்ளூஸ் என்றாலே நம்மில் பாதிப் பேர் ‘அது அமெரிக்கக் கறுப்பின மக்களின் ஒப்பாரி’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். மீதிப் பேருக்கு ஒற்றை ஆள், மரக் கிட்டார், பருத்திக்காடு, 1930கள். அதைத் தாண்டி எது வந்தாலும் கலப்படம். நான் இரண்டு கட்சியிலும் இல்லை. ஏன் என்று சொல்ல அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக் கிளார்க்ஸ்டேல் என்ற ஊருக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும். உங்களுக்குப் பிடித்த பாட்டையும் அதை எங்கே, எப்படிக் கேட்டீர்கள் என்பதையும் நீங்களும் எழுதுங்கள். இலக்கண வகுப்பு வேண்டாம்.

மெம்ஃபிஸிலிருந்து 61-ம் நெடுஞ்சாலையில் தெற்கே இறங்கினால் ஒன்றரை மணி நேரத்தில் கிளார்க்ஸ்டேல் வந்துவிடும். வழி நெடுக மேடு பள்ளமே இல்லாத வயல். ஊருக்குள் 61-ம் 49-ம் சந்திக்கும் முனையில் நீலக் கிட்டார்களைக் கம்பத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள், 1930களின் ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சன் நள்ளிரவில் சாத்தானிடம் ஆன்மாவை விற்று வித்தை வாங்கிய இடம் என்று வருகிறவர்கள் எல்லாரும் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும் எடுத்துக்கொண்டேன், விடுங்கள். ஆனால் அந்தக் கதை முதலில் டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றியது, அதைச் சொன்னவர் அவருடைய அண்ணன். பெயர்ப் பொருத்தமோ என்னவோ, பிற்பாடு ராபர்ட்டின் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. ராபர்ட்டுக்கு நிஜமாகக் கற்றுக்கொடுத்தவர் ஐக் சிம்மர்மன் என்ற கிட்டார்க்காரர். இரண்டு பேரும் ராத்திரியில் கல்லறைத் தோட்டத்தில் உட்கார்ந்து சாதகம் பண்ணினார்கள், அங்கேதான் யாரும் சத்தம் என்று சண்டைக்கு வரமாட்டார்கள் என்று சிம்மர்மன் குடும்பத்தார் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சாத்தானைவிட இந்தக் கதைதான் பிடிக்கும்.

அன்று ராத்திரி சன்ஃப்ளவர் ஆற்றோரம் ரெட்ஸ் லவுஞ்சுக்குப் போனேன். அந்தச் சின்ன ப்ளூஸ் விடுதியை நடத்திய ரெட் பேடன் அப்போது இருந்தார், 2023 கடைசியில் காலமாகிவிட்டார். தாழ்ந்த கூரை, சிவப்பு விளக்கு, வாசிப்பவருக்கும் கேட்பவருக்கும் நடுவில் கை நீட்டினால் தொடும் தூரம்தான். முன்னால் வெளிநாட்டுப் பயணிகள், மார்கழி சபாவில் உட்கார்ந்திருப்பதுபோல அசையாமல். வாசித்தவர் பழைய டெல்டா (இந்த மிசிசிப்பிச் சமவெளி) பாட்டு ஒன்றிரண்டு வாசித்தார், மரியாதையாகக் கைதட்டினார்கள். அப்புறம் ஜானி டெய்லரின் ‘லாஸ்ட் டூ டாலர்ஸ்’ எடுத்தார். 1996-ல் வந்த பாட்டு. கையில் மிச்சம் இரண்டே டாலர், அவ்வளவுதான் விஷயம். அதுவரை பின்னால் சுவரோரமாகப் பேசிக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள் மொத்தமும் எழுந்துவிட்டார்கள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு அம்மா, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற மாதிரி உடுத்தியிருந்தார். கைப்பையை நாற்காலியில் வைத்தார், சுற்றும் முற்றும் பார்த்தார், திரும்ப எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அந்தப் பையோடேயே பாட்டு முடியும்வரை ஆடினார். வரிக்கு வரி கூடவே பாடினார்.

என் பக்கத்து நாற்காலிப் பயணி குனிந்து, “இது ப்ளூஸ் இல்லை, சோல்” என்றார், ப்ளூஸுக்குப் பின்னால் வந்த இன்னொரு கறுப்பின இசை வகையைச் சொல்கிறார். சரி, அதை அந்த அம்மாவிடம் யார் போய்ச் சொல்வது?

இன்னொன்று. இஸட். இஸட். ஹில் பாடிய ‘டவுன் ஹோம் ப்ளூஸ்’, மிசிசிப்பியின் ஜாக்சனில் இருக்கும் மலாகோ கம்பெனி 1982-ல் வெளியிட்டது. அந்த ஆல்பம் கறுப்பின இசைப் பட்டியலில் ஏறக்குறைய இரண்டு வருடம் உட்கார்ந்திருந்தது. தெற்கே எந்த வீட்டு விசேஷத்திலும் போடுவார்கள். இணையத்தில் சுற்றும் ‘சிறந்த நூறு ப்ளூஸ்’ பட்டியல்களில் தேடிப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. என் ஓட்டு அதற்குத்தான்.

பன்னிரண்டுகட்டை

பட்டியல் போடுகிறவர்கள் கேட்பவர்கள்தானே, வாசிப்பவர்கள் இல்லையே. நான் கிட்டார் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

பாடம் என்ன? பன்னிரண்டு பார் (தாள அளவு), மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு), முதல் வரியை இரண்டு தடவை பாடி மூன்றாவது வரியில் பதில். இது இருந்தால் ப்ளூஸ், இல்லாவிட்டால் இல்லை என்று நம் ஊர் கிட்டார் வாத்தியார்கள் சொல்லித் தருகிறார்கள். சிகாகோவில் இருந்தபோது வாரநாள் ஜாம்களுக்குப் போவேன், யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து மேடையேறலாம். ஒரு நாள் ஒரு பையன் வந்தான், இசைக் கல்லூரி மாணவன், விரல் அப்படி ஓடுகிறது. பாட வந்தவரோ எழுபதைத் தாண்டிய தாத்தா. தாத்தா ஒரு வரியைப் பாடிவிட்டு, யாரோ தெரிந்தவர் கதவைத் திறந்து உள்ளே வருவதைப் பார்த்து அவருக்கு வணக்கம் சொல்லிவிட்டு, பிறகு அடுத்த வரிக்கு வந்தார். அது பதின்மூன்றரை பாரோ பதினாலோ, யார் எண்ணினார்கள்? டிரம்ஸ்காரரும் பாஸ்காரரும் அசையவில்லை, தாத்தாவின் தோளைப் பார்த்தபடி அவர் வரும்வரை அதே கார்டில் காத்திருந்தார்கள். பையன் மட்டும் கணக்குப்படி அடுத்த கார்டுக்குப் போய்த் தனியாக நின்றான். தாத்தா திரும்பிப் பார்த்துச் சிரித்தார், கோபமெல்லாம் இல்லை.

ஜான் லீ ஹுக்கரின் ‘பூகி சில்லன்’ கேளுங்கள். 1948-ல் டெட்ராய்ட்டில் ஒலிப்பதிவானது, ஒரே ஆள், ஒரு கிட்டார், காலால் தரையைத் தட்டுகிற சத்தம். கார்டு மாறவே மாறாது. அதுதான் அடுத்த வருடம் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. ஹவுலின் வுல்ஃபின் ‘ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்’ (1956), அதுவும் ஒரே கார்டுதான், ஆனால் அந்த ஆள் தொண்டையைத் திறந்து ஊளையிடும் இடத்தில் எனக்கு இன்றைக்கும் கை சில்லிட்டுப் போகும். மூன்று கார்டு இல்லை என்பதற்காக இந்த இரண்டையும் வெளியே தள்ளினால் மிச்சம் என்ன இருக்கும் என்று தெரியவில்லை.

என் பாட்டு ‘ஸ்மோக்ஸ்டாக் லைட்னிங்’. இதில் பேரமே கிடையாது.

பழையதட்டு

எல்லாரும் சேர்ந்து எங்களைப்போன்ற பழசு பிடித்தவர்களை மொத்துவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-ல் பாடிப் பதிவு செய்தார், அதற்குப் பிறகு மந்தநிலை வந்து கம்பெனிகள் படுத்துவிட்டன, அவர் ஊருக்குத் திரும்பி வயல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பாட்டில் ‘அவலான் என் சொந்த ஊர்’ என்று ஒரு வரி. அந்த ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு, பழைய வரைபடத்தில் அவலான் எங்கே என்று தேடி, 1963-ல் ஒரு இசைத்தட்டுப் பைத்தியம் அவர் வீட்டு வாசலில் போய் நின்றது. அடுத்த வருடம் ஸ்கிப் ஜேம்ஸை மிசிசிப்பியில் ஒரு ஆஸ்பத்திரியில் கண்டுபிடித்தார்கள், அதே கோடையில் சன் ஹவுஸை நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டரில். சன் ஹவுஸ் கிட்டாரைத் தொட்டே வருடக்கணக்காகியிருந்தது. ஆலன் வில்சன் என்ற வெள்ளைக்காரப் பையன், அவருடைய பழைய தட்டுகளைக் கேட்டுக் கேட்டுப் பழகியவன், அவருடைய வாசிப்பை அவருக்கே திருப்பி ஞாபகப்படுத்தினான். நீங்கள் கிண்டல் செய்யும் அந்தப் பைத்தியங்கள் இல்லாவிட்டால் இவர்கள் யாரும் இரண்டாவது தடவை மேடை ஏறியிருக்க மாட்டார்கள்.

எனக்கு அது அறிமுகமானது ஒரு நண்பர் வீட்டில். அவர் தட்டைத் துடைக்கவே கால் மணி நேரம் எடுத்துக்கொள்வார், அதுவரை பேசக்கூடாது. சன் ஹவுஸ் 1965-ல் பாடிய ‘டெத் லெட்டர்’. காலையில் கடிதம் வருகிறது, நீ நேசித்த பெண் செத்துவிட்டாள் என்று. கிட்டார்க் கம்பியை அவர் மீட்டவில்லை, அறைகிறார். இந்தப் பாட்டுக்கு யார் எழுந்து ஆடுவார்கள், ரயிலடி சார்?

ரயிலடி

மொத்தவில்லை சார். அவர்கள் தேடிப் போனதற்கு நான் நன்றிக்கடன் பட்டவன், ‘டெத் லெட்டர்’ எனக்கும் உயிர். ஆனால் தேடிப் போனவர்கள் தங்களுக்குப் பிடித்ததை மட்டும்தானே தேடினார்கள்? ராபர்ட் ஜான்சனோடு ஊர் ஊராகச் சுற்றிய ஜானி ஷைன்ஸ் சொல்லியிருக்கிறார், ராபர்ட் எதையும் வாசிப்பார், போல்கா வாசிப்பார், பிங் கிராஸ்பி பாட்டு பாடுவார், ரேடியோவில் ஒரு தடவை கேட்டால் போதும் என்று. தெருமுனையில் காசு அப்படித்தானே விழும். கம்பெனிக்காரர்கள் சான் அன்டோனியோவிலும் டல்லஸிலும் அவரிடம் பெரும்பாலும் ப்ளூஸே கேட்டு வாங்கினார்கள், 29 பாட்டு, நமக்குக் கிடைத்தது அதுதான். அதைவைத்து அவர் இருட்டில் தனியாக அழுத மனிதர் என்று சிலை செய்துவிட்டோம்.

மடி வாட்டர்ஸும் அப்படியே. 1941-ல் ஸ்டோவல் பண்ணையில் நாட்டுப்பாட்டு சேகரிக்கும் ஆலன் லோமாக்ஸும் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்து ஜான் வொர்க்கும் பதிவு செய்யப் போனபோது அவர் வாசித்து வந்த பாட்டுகளில் சினிமா கௌபாய் ஜீன் ஆட்ரியின் பாட்டுகளும் இருந்தன. பண்ணையில் சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருகிறவர்கள் கேட்டால் வாசித்துத்தானே ஆக வேண்டும்.

மழைநகர்

இங்கிலாந்திலிருந்து ஒரு கதை, இந்தச் சண்டைக்கு ரொம்பப் பொருத்தம். நான் இருப்பது மான்செஸ்டர். 1964 மே மாதம் கிரனாடா டிவி இங்கே பூட்டிக் கிடந்த வில்பிரகாம் ரோடு ரயில் நிலையத்தில் ஒரு நிகழ்ச்சி எடுத்தார்கள். மடி வாட்டர்ஸ், காஸ்பல் (தேவாலயப் பாட்டு) பாடகி சிஸ்டர் ரொசட்டா தார்ப் எல்லாரும் வந்தார்கள். ஒரு பிளாட்பாரத்தில் ரசிகர்கள், எதிர் பிளாட்பாரத்தில் இவர்கள். அந்த எதிர் பிளாட்பாரத்தை அமெரிக்கத் தெற்கு மாதிரி ஜோடித்திருந்தார்கள் பாருங்கள், மூட்டை, பெட்டி, சாய்வு நாற்காலி, கோழி, ஆடு உட்பட! மடி வாட்டர்ஸ் சிகாகோவுக்குக் குடிபோய் இருபது வருடம் ஆகியிருந்தது, அங்கே கோட்டு சூட்டு போட்டு எலெக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிற ஆள். அவரைக் கொண்டுவந்து ஆட்டுக்குட்டி பக்கத்தில் நிறுத்தினால்தான் இவர்களுக்கு அசலாகத் தெரிந்திருக்கிறது.

இத்தனைக்கும் 1958-ல் அவர் முதல் தடவை இங்கே வந்து எலெக்ட்ரிக் கிட்டாரைத் திருப்பியபோது சத்தம் தாங்கவில்லை என்று சிலர் முகம் சுளித்தார்களாம். அதற்கு முன்னால் வந்துபோன பிக் பில் புரூன்ஸி மரக் கிட்டாரோடு கிராமத்து ஆளாக உட்கார்ந்து பாடியிருந்தார், அதுவே இவர்களுக்கு அளவுகோல். அந்தப் புரூன்ஸி சிகாகோவில் பியானோ, டிரம்ஸ் எல்லாம் வைத்து வரிசையாகத் தட்டு வெளியிட்டவர், அது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? சரி, இவர்களுக்கு இதுதான் வேண்டும்போல என்று மடி அடுத்த தடவை மரக் கிட்டாரோடு வந்தார். அதற்குள் இங்கே பையன்களுக்கு எலெக்ட்ரிக் பிடித்துப்போய், அது எங்கே என்று கேட்டார்கள். பாவம் மனுஷன்.

அந்த ரயில் பாதையில் இப்போது தண்டவாளம் கிடையாது, சைக்கிள் ஓட்டுகிறார்கள். நான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் காதில் போட்டுக்கொள்வது தார்ப்பின் ‘டிடன்ட் இட் ரெய்ன்’. அன்று மழை பெய்துகொண்டிருந்தது, அந்த அம்மா நல்ல கோட்டுப் போட்டுக் குதிரை வண்டியில் வந்து இறங்கி, எலெக்ட்ரிக் கிட்டாரை மாட்டிக்கொண்டு இந்தப் பாட்டை எடுத்தார். அது காஸ்பல், ப்ளூஸ் இல்லை என்று சொல்லப் போகிறவர்கள் முதலில் வீடியோவைப் பாருங்கள்.

பெட்டிக்காரி

இவ்வளவு பேர் பேசியும் பெண் பெயர் இப்போதுதான் வருகிறது. ப்ளூஸ் தட்டு விற்கும் என்று கம்பெனிகளுக்குப் புரியவைத்ததே பெண்கள்தான் ஐயா. மேமி ஸ்மித், ‘கிரேஸி ப்ளூஸ்’, 1920. அதற்கு அப்புறம்தான் மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் எல்லாம். கிட்டார் ஆட்களைத் தேடிக் கம்பெனி போனது அதற்கும் பிற்பாடு. இவர்கள் பளபளப்பான உடையில், தலையில் இறகு வைத்துக்கொண்டு, கூடாரத்தில் டிக்கெட் போட்டுப் பாடியவர்கள். பருத்திக்காட்டு ஒற்றை மனிதனை மூலவராக வைத்தால் இவர்கள் எல்லாம் எங்கே போவார்கள்?

நான் ஊர் பஜனைக்கு ஹார்மோனியம் வாசிக்கிறவள். பெஸ்ஸி ஸ்மித் 1925-ல் பாடிய ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ தற்செயலாக வானொலியில் வந்தது. குரலுக்குப் பின்னால் காற்று இழுக்கும் அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்! ஃப்ரெட் லாங்ஷா ஹார்மோனியத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறார், கிட்டார் இல்லை, டிரம்ஸ் இல்லை, வரிக்கு வரி நடுவில் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் கார்னெட்டில் பதில் சொல்கிறார். மூன்றே பேர். அந்த அம்மா சுரத்துக்குக் கொஞ்சம் கீழே நின்று, தேவைப்படும்போதுதான் மேலே ஏறுகிறார். பெட்டியில் அந்த இடத்துக்குக் கட்டையே கிடையாது. நான் வாசித்துப் பார்த்தேன், இரண்டு கட்டைக்கும் நடுவில் போய் விழுகிறது.

கீழ்வீடு

சுருக்கமாக: ஷில்லாங்கின் சோல்மேட் குழுவை மும்பையில் கேட்டேன். டிப்ரிட்டி பாட ஆரம்பித்ததும் மிசிசிப்பியா மேகாலயாவா என்ற ஞாபகமே எனக்கு இல்லை. 2007-ல் மெம்ஃபிஸில் நடந்த சர்வதேச ப்ளூஸ் போட்டிக்கே போய் வந்தவர்கள். பிறப்புச் சான்றிதழ் கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும்.

பன்னிரண்டுகட்டை

பி. பி. கிங்கை இன்னும் யாரும் தொடவில்லையே, பயமா? அவரையும் வயலின் சேர்த்துவிட்டார் என்று திட்டியவர்கள் உண்டு, ‘த த்ரில் இஸ் கான்’ 1969-ல் வந்தபோது. எனக்கு அந்தப் பதிவு பிடிக்கும், ஆனால் வண்டியில் எப்போதும் ஓடுவது ‘லைவ் அட் த ரீகல்’. 1964 நவம்பரில் சிகாகோ ரீகல் தியேட்டரில் எடுத்தது. அதில் ‘ஹவ் ப்ளூ கேன் யூ கெட்’ பாட்டுக்கு நேராகப் போங்கள். புதுக் கார் வாங்கிக் கொடுத்தேன், உனக்குப் பிடிக்கவில்லை, விருந்து வைத்தேன், அதுவும் பிடிக்கவில்லை என்று குறையாக அடுக்கிக்கொண்டே வந்து, ஏழு பிள்ளை கொடுத்தேன், இப்போது திருப்பி எடுத்துக்கொள் என்கிறாயே என்று முடிப்பார். அந்த இடத்தில் தியேட்டரே கூரை பிய்ந்துபோகிற மாதிரி கத்துகிறது. பழையதட்டு சார், உங்கள் நண்பர் வீட்டில் இதைப் போடச் சொல்லுங்கள், சத்தத்தை மட்டும் குறைக்க விடாதீர்கள்.