பாக்கெட் இழப்பை சிமுலேட்டரில் அளந்தவர்கள், உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாக்கெட் இழப்பு என்றால், அனுப்பிய தரவுத் துண்டுகளில் (பாக்கெட்) எத்தனை வழியிலேயே தொலைகின்றன என்பது. என் சோதனையில் நான்கு நோடு (நெட்வொர்க்கில் இணைந்த கணினி போன்றவை). இரண்டு அனுப்பும், நடுவில் ஒரு ரூட்டர், கடைசியில் வாங்கும் நோடு. அனுப்பும் இரண்டும் ரூட்டரோடு விநாடிக்கு 2 மெகாபிட் லிங்கில் சேர்ந்திருக்கும். ரூட்டரிலிருந்து கடைசி நோடுக்குப் போகும் லிங்க் மட்டும் 1.7 மெகாபிட். என்எஸ்-2 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரைப் பழகிய எல்லாரும் ஏதோ ஒரு வடிவில் இந்தப் படத்தைப் போட்டிருப்பீர்கள். எனக்கு இன்றைக்கும் மிகவும் பிடித்த சோதனை இதுதான்.

ஓட்டுவதற்கு முன்னால் ஒரு தாளில் கணக்குப் போட்டுவிடுவேன். இரண்டு நோடும் யூடிபியில் (வந்து சேர்ந்ததா என்று பார்க்காமல் அனுப்பும் முறை) ஆளுக்கு 1 மெகாபிட் சீராக அனுப்புகின்றன. உள்ளே வருவது 2, வெளியே போக முடிவது 1.7. மீதி 0.3க்குப் போக்கிடம் இல்லை, ஆகவே இழப்பு 15 சதவீதம். ஓட்டி முடித்து, சிமுலேட்டர் எழுதும் பதிவான ட்ரேஸ் ஃபைலில் ‘டி’ எழுத்தில் தொடங்கும் வரிகளை (கீழே விழுந்த பாக்கெட்டுகள்) ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்து எண்ணினால் 15க்குக் கொஞ்சம் கீழே வரும். அந்தக் கொஞ்சம் எங்கே போனது என்றால், ரூட்டரில் பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசை நிரம்பும் வரை எதுவும் விழுவதில்லை, அவ்வளவுதான்.

வரிசையைப் பெரிதாக்கினால் இழப்பு குறையும் என்றுதான் பலரும் எதிர்பார்ப்பார்கள். பாக்கெட் 1000 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 பாக்கெட் பிடிக்கும் வரிசை கிட்டத்தட்ட 0.27 விநாடியில் நிரம்பிவிடும், 50 பிடிக்கும் வரிசைக்கு 1.3 விநாடி ஆகும். அப்புறம் இரண்டிலும் அதே 15 சதவீதம்தான். மாறுவது தாமதம். 10 இருக்கும்போது வரிசையில் காத்திருப்பு 47 மில்லிவிநாடி, 50 ஆக்கினால் 235. இழப்பைக் குறைக்கப் போய்த் தாமதத்தை வாங்கி வைத்தது மட்டும் மிச்சம். டிசிபி ஆக இருந்தால் இழப்பைப் பார்த்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அங்கே கதை வேறு. யூடிபிக்கு அந்தப் பேச்சே இல்லை.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான். மொத்த இழப்போடு நிறுத்தாமல் ஓட்டம் (ஒரு நோடிலிருந்து வரும் பாக்கெட்டுகளின் தொடர்) வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டு நோடும் ஒரே நொடியில் தொடங்கி, இரண்டு லிங்கின் தாமதமும் ஒன்றாக இருந்தால், முதல் ஓட்டத்தில் இழப்பு சுழியம், இரண்டாவதில் கிட்டத்தட்ட 30 சதவீதம்! சராசரி 15 என்பதால் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரி போலத் தெரியும்.

காரணம் இதுதான். ஒவ்வொரு 8 மில்லிவிநாடிக்கும் இரண்டு பாக்கெட் ஒன்றாக வந்து சேர்கின்றன. அந்த இடைவெளியில் வரிசையிலிருந்து ஒன்றோ இரண்டோதான் வெளியேற முடியும். ஒன்று வெளியேறினால் ஒரு இடம்தான் காலி. எப்போதும் முதலில் நுழைவது அந்த இடத்தைப் பிடிக்கும், அடுத்தது கீழே விழும். சிமுலேட்டரில் ஒரே நேரத்து நிகழ்வுகளின் முறை மாறாமல் இருப்பதால் ஒவ்வொரு முறையும் அதே ஆள்தான் அடி வாங்குவார். இந்தக் கட்ட விளைவைப் பற்றி நெட்வொர்க் ஆராய்ச்சியாளர்கள் சாலி ஃபிளாய்டும் வான் ஜேக்கப்சனும் 1992இலேயே விரிவாக எழுதிவிட்டார்கள். சீரான வேகத்தில் பாக்கெட் அனுப்பும் சிபிஆர் அமைப்பில் தற்செயல் விலகலை இயக்கிவிட்டால், அனுப்பும் நேரம் முன்னே பின்னே ஆகி, இழப்பு இரண்டு ஓட்டத்துக்கும் பங்காகும். அதைச் செய்யாமல் எடுத்த எந்த ஓட்டம்வாரி எண்ணையும் நான் நம்புவதில்லை.

பதில் 1

நல்ல பதிவு. இதே படத்தை என்எஸ்-3இல் போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. புதிய பதிப்புகளில் நோடுக்கு ஐபி முகவரி ஒதுக்கும்போதே எஃப்க்யூ-கோடெல் வரிசை தானாக வந்து உட்கார்ந்துவிடும். அது ஓட்டங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பதால் நீங்கள் சொன்ன 0, 30 காட்சியே கிடைக்காது. நோடின் நெட்வொர்க் கருவியின் வரிசை நீளத்தை 10 என்று வைத்தும் எதிர்பார்த்தபடி எதுவும் நடக்கவில்லையே என்று என்னிடம் நிறைய பேர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கருவிக்கு மேலே இருக்கும் எஃப்க்யூ-கோடெல் அடுக்கை எடுத்துவிட்டுப் பாருங்கள், பழைய டிராப்டெயில் நடத்தை (வரிசை நிரம்பினால் புதிதாக வருவது விழும்) திரும்பிவிடும்.

இன்னொன்று, என்எஸ்-3இல் இழப்பை எண்ணித் தரும் ஃபுளோ மானிட்டர். பாக்கெட் 10 விநாடி கண்ணில் படவில்லை என்றால்தான் அது தொலைந்ததாக அந்தக் கருவி தானாக முடிவு கட்டும். அனுப்பியதிலிருந்து வந்ததைக் கழித்துப் பார்த்தாலோ, சிமுலேஷன் நிற்கும்போது வரிசையிலும் லிங்கிலும் இருந்தவை எல்லாம் இழப்புக் கணக்கில் போய்ச் சேரும். அனுப்புவதை நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் ஓட விடுங்கள், வழியில் இருப்பவை வந்து சேரட்டும். அதன் பிறகு எண்ணினால் நிம்மதி.

பதில் 2

நான் மினிநெட் (ஒரே கணினிக்குள் மெய்நிகர் நெட்வொர்க் உருவாக்கும் மென்பொருள்) ஆள். அங்கே லிங்குக்கு 10 சதவீத இழப்பு என்று கொடுத்துவிட்டு பிங் செய்தால் 19 சதவீதம் காட்டும். பிழை ஒன்றும் இல்லை. இழப்பு லிங்கின் இரண்டு முனையிலும் பொருந்துகிறது. கேள்வி போகும்போது ஒரு முறை, பதில் வரும்போது ஒரு முறை. 0.9 பெருக்கல் 0.9 என்றால் 0.81, மீதி 19. ஒரு திசையை மட்டும் அளக்க வேண்டுமானால் ஒரு முனையில் மட்டும் நெட்எம் (செயற்கையாக இழப்பும் தாமதமும் உண்டாக்கும் லினக்ஸ் வசதி) போட வேண்டும், அல்லது யூடிபி அனுப்பி மறுமுனையில் எண்ண வேண்டும்.

நெட்எம் சாதாரணமாகத் தரும் இழப்பில் ஒவ்வொரு பாக்கெட்டின் தலைவிதியும் தனி. வயர்லெஸ் லிங்கில் அப்படி இல்லை, விழுந்தால் கொத்தாக விழும். அதற்கு நெட்எம்மிலேயே கில்பர்ட்-எலியட் முறை இருக்கிறது. குரல் அழைப்பைச் சோதிப்பவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆங்காங்கே ஒன்று போவதும் அடுத்தடுத்து ஐந்து போவதும் காதுக்கு ஒன்றல்ல.

எத்தனை பாக்கெட் அனுப்புவது என்பதிலும் தயவுசெய்து கஞ்சத்தனம் வேண்டாம். ஒரு திசையில் 1 சதவீத இழப்பு வைத்து 100 பாக்கெட் அனுப்பினால், ஒன்றுகூட விழாமல் போக 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. அதைப் பார்த்து லிங்க் சுத்தம் என்று எழுதிவிடுகிறார்கள். 10,000 அனுப்புங்கள். பெரும்பாலும் 80க்கும் 120க்கும் நடுவில் விழும், அந்த எண்ணை வைத்துப் பேசலாம்.